வலிக்கிற பிள்ளை எப்போதும் அழாது

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த எந்தத் தாதியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்: கத்தி அழுகிற பிள்ளையைப் பற்றி எங்களுக்குப் பயம் குறைவு. சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, பிடித்த மைலோவைக் கலக்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிற பிள்ளையிடம்தான் முதலில் போவோம். நாள்கணக்கில் வலி தாங்கிய உடம்பில் அழுவதற்குத் தெம்பு இருக்காது. அசைந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்டு அசையாமல் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ, "இன்னிக்கு நல்லா அமைதியா இருக்கான் மிஸ்ஸி" என்பார்.

நான் மலேசியாவில், ஈப்போவில் பல வருஷம் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு சுங்கை சிப்புட்டில். சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகி, லயத்துக் குடும்பங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் உடம்புக்கு ஒன்று என்றால் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டும் தோட்டத்துப் பழக்கம் போகவில்லை. அன்று தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரெசர் வீடு, இன்று மிஸ்ஸி என்று கூப்பிடுகிற தாதி வீடு. ஈப்போ இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பகலில் அது ஒரு தூரமே இல்லை. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்து, நடுராத்திரியில் பிள்ளை வலியில் துடித்தால் அந்தத் தூரம் எவ்வளவு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குணமாக்க முடியாத நோயோடு வாழும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார்டில் நாங்கள் செய்கிற வேலையில் பெரும்பகுதி, சொல்லிக் கொடுத்தால், வீட்டுக் கைகளுக்கும் வரும்.

முதலில் ஒரு பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பாலியேட்டிவ் குழு, அதாவது வலியையும் உபாதைகளையும் தணித்துப் பராமரிக்கும் குழு, வந்து பார்க்கும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பம் ஆடிப்போய்விடுகிறது. கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகவே வேண்டாம் என்று மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1998லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பிள்ளைகளுக்கான பாலியேட்டிவ் பராமரிப்பு நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும். கீமோ ஒரு பக்கம் போகும், இதுவும் போகும். புற்றுநோய்க்கு மட்டும் என்பதும் இல்லை. தசை வலுவிழக்கும் நோய்கள், கடுமையான இருதயக் கோளாறு, அடங்காத வலிப்பு, பிறவியிலேயே வரும் மெட்டபாலிக் நோய்கள் என்று எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பராமரிப்பு வருஷக்கணக்கில் தேவைப்பட்டது. சீக்கிரம் கேட்டு வாங்கிய குடும்பத்துக்கும் கடைசி வாரத்தில் வாங்கிய குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணால் பார்த்தது.

சீக்கிரம் கேட்டவர்களில் ஓர் அம்மாவை மறக்க முடியாது. மகளுக்குக் கடுமையான செரிபரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் வராத நிலை. பேச்சு கிடையாது, தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. பேசாத பிள்ளைகளின் வலியை அளக்க வார்டில் ஃபிளாக் என்ற அளவுகோலை வைத்திருப்போம். முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்து விஷயம் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. மூன்று நான்கு வயதுக்கு மேல் பேசத் தெரிந்த பிள்ளை என்றால், சிரிப்பிலிருந்து கண்ணீர் வரை ஆறு முகங்கள் வரைந்த தாளைக் காட்டி, உனக்கு எது என்று கேட்போம். ஆனால் செரிபரல் பால்சி உள்ள பிள்ளையின் கால் எப்போதுமே விறைத்துத்தான் இருக்கும். முகமும் தானாகச் சுளிக்கும். பொதுவான அளவுகோல் அங்கே ஏமாற்றிவிடும். அந்த அம்மா சொன்னார்: "அவளுக்கு வலிச்சா வலது கைக் கட்டைவிரலை உள்ளுக்கு மடிச்சு இறுக்கிப் பிடிச்சுக்குவா மிஸ்ஸி. அப்புறம் அந்த முனகல் பாட்டு நின்னுடும்." சும்மா இருக்கும்போது அந்தப் பெண் தொண்டைக்குள் ராகம் மாதிரி ஒன்றை முனகிக்கொண்டே இருப்பாள். அது நின்றால் வலி. அதை அப்படியே எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். ஷிஃப்ட் மாறி வரும் தாதியும் புது டாக்டரும் அதைப் படித்துவிட்டுத்தான் அவளைத் தொட்டார்கள். ஒரு நாள் அந்தக் கட்டைவிரலை வைத்துத்தான் இடுப்பு மூட்டு விலகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு தாள் எழுதுங்கள். வலித்தால் என்ன செய்வான், நன்றாக இருந்தால் என்ன செய்வான், எதைச் செய்தால் அடங்குவான். பெற்றவளுக்குத் தெரிந்த அளவு எந்த ஸ்பெஷலிஸ்டுக்கும் தெரியாது. ஆனால் அது உங்கள் மனதில் மட்டும் இருந்தால், நீங்கள் பாத்ரூமுக்குப் போயிருக்கும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

இனி மார்பின். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வேண்டாத துன்பம் இங்கேதான் அதிகம். அமெரிக்காவில் பாஸ்டனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த 103 பெற்றோரிடம் கேட்டு 2000த்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடைசி மாதத்தில் ஏதாவது ஓர் உபாதையால் பிள்ளை மிகவும் கஷ்டப்பட்டது என்று 100க்கு 89 பேர் சொன்னார்கள். வலிக்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிலும் பலன் கிடைத்தது 100க்கு 27 பேருக்குத்தான். அத்தனை வசதியுள்ள ஊரிலேயே இந்த நிலை என்றால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்கப் பயப்படும் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், 13 வயது. முட்டிக்கு மேலே எலும்பில் புற்றுநோய். சிகிச்சை எல்லாம் முடிந்து, நோய் நுரையீரலுக்கும் பரவிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுபவர், அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மார்பின் சிரப் பாட்டில் அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தது. பாட்டி கேட்டார்: "இது கடைசி மருந்துன்னு சொல்றாங்களே மிஸ்ஸி. கொடுத்தா தூங்கிக்கிட்டே போயிடுவானாமே?" அப்பாவின் பயம் வேறு. போதைக்குப் பழகிவிடுவான் என்று. நம் ஊர்களில் போதை எத்தனை குடும்பத்தைச் சீரழித்தது என்று பார்த்த மனிதருக்கு அந்தப் பயம் வருவது நியாயம்.

அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மார்பினால் பிள்ளை போதைக்கு அடிமையாவது மிக அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் அதிகமாக இருக்கும். அதில் ஒரு பகுதி, வலியால் இத்தனை நாள் போன தூக்கத்தை உடம்பு எடுத்துக்கொள்வது. எழுப்பினாலும் எழாமல் இருந்தாலோ, மூச்சு ரொம்ப மெதுவாகப் போனாலோ உடனே கூப்பிட வேண்டும். குமட்டல், அரிப்பு வரலாம். குமட்டல் சில நாளில் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். மார்பின் தொடங்கிய அன்றே லாக்டுலோஸ் மாதிரி மலமிளக்கியும் தொடங்க வேண்டும். நாலு நாள் வெளியே போகாத வயிற்றுவலியை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுத பெற்றோரை எனக்குத் தெரியும்.

முக்கியமானது நேரம். வலி வரட்டும், வந்தால் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் எப்போதும் வலிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்போம். மார்பின் சிரப்பின் வேலை நாலு மணி நேரம் நிற்கும். ஆகவே 6, 10, 2, 6, 10, 2 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி மீறி வந்தால் கொடுப்பதற்குத் தனி அளவு எழுதித் தருவார்கள். அதற்கும் கூச்சப்பட வேண்டாம், ஆனால் கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அடிக்கடி தேவைப்பட்டால் வழக்கமான அளவைக் கூட்ட டாக்டருக்கு அந்தக் குறிப்புதான் ஆதாரம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கட்டம் போட்ட தாள், பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனா, ஊசியில்லாத சிரிஞ்சியில் அளவுக் கோட்டின் மேல் சிவப்பு டேப். அந்த வீட்டில் இதைத்தான் செய்தோம். ராத்திரி 2 மணியையும் விடியற்காலை 6 மணியையும் யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது பாட்டி சொன்னார்: "முப்பது வருஷம் இருட்டுல எழுந்து பெரட்டுக்குப் போனவ நான். எனக்கு எதுக்கு அலாரம்?" பெரட்டு என்றால் விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் சிவப்பு டேப்பைக் காட்டிக் கொடுத்தேன். கொடுத்ததும் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை. மூன்றாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து, ரொட்டி சானாய் வேண்டும் என்று கேட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டியின் முட்டிவலிக்கு வாங்கி வைத்த டிராமடாலையோ, இருமலுக்கான கோடீன் மருந்தையோ பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கோடீன் கல்லீரலில் மார்பினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலர் உடம்பில் மாறவே மாறாது, சிலர் உடம்பில் அளவுக்கு மீறி வேகமாக மாறிவிடும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டையுமே கொடுக்கக் கூடாது என்று 2017ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தடை சொன்னது இதனால்தான். அளந்து கொடுக்கும் மார்பின் இவற்றைவிடப் பாதுகாப்பானது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் உண்மை அதுதான். மார்பின் பாட்டிலை மற்ற பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மருந்தைச் சரியாகக் கொடுத்தால் வாழ்க்கை கொஞ்சம் திரும்பி வருகிறது. அந்தப் பையனுக்குத் தைப்பூசத்துக்குக் கல்லுமலை போக ஆசை. முன்பெல்லாம் வருஷா வருஷம் போன கோயில். முடியாது என்று சொல்வது சுலபம். நாங்கள் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கூட்டம் குறைவான நேரம், சக்கர நாற்காலி, கிளம்புவதற்கு அரைமணி முன்னால், வலி மீறினால் கொடுக்கும் அந்தத் தனி அளவு மருந்து, பையில் இன்னொரு வேளை, கால் ஆடாமல் இருக்க இரண்டு தலையணை. குளிப்பாட்டுவதற்கும் கட்டு மாற்றுவதற்கும் இதே கணக்குதான், அரைமணி முன்னால். மேலே படி ஏறவில்லை. கீழே நின்று காவடிகளைப் பார்த்துவிட்டு, அப்பா வாங்கிக் கொடுத்த கடலையைக் கொறித்தபடி வந்தான்.

மூச்சுத் திணறல் பிறகு வந்தது. நுரையீரலில் நோய் இருந்ததால் வரும் என்று முன்பே சொல்லியிருந்தோம். எல்லாரும் முதலில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடுவார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமலேயே திணறல் உணர்வு வரும். அப்போது சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்தால் நிறையவே தணியும். உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு அதில் சாய வைக்க வேண்டும். குறைந்த அளவு மார்பின் திணறலையும் அடக்கும். சுற்றி எட்டுப் பேர் நின்று பார்த்தால் கூடும். ஆகவே அறையில் இருவர் போதும்.

ஒரு சாயங்காலம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது கேட்டான்: "மிஸ்ஸி, நான் செத்துடுவேனா?" பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் அம்மா அப்பாவிடம் கேட்பதில்லை. அவர்கள் அழுவார்கள் என்று தெரியும். தாதியிடம் கேட்கும், சில சமயம் தரை துடைக்க வரும் ஆயாவிடம் கேட்கும். நாங்கள் கற்றுக்கொண்டது, உடனே பதில் சொல்லாமல் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்வது. "ஏன் தம்பி, உனக்கு என்ன தோணுது?" என்றேன். கொஞ்ச நேரம் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா லோரி எடுக்காம என்கூடவே இருக்காரு. வேலைக்குப் போகலைன்னா சம்பளம் இல்ல. நான் செத்துட்டா அந்தக் காசை அப்பா எப்படி ஈடுகட்டுவாரு?" இத்தனை நாள் அவன் மனதில் ஓடியது அதுதான். அவன் சம்மதத்தோடு அப்பாவிடம் சொன்னேன். அன்று இரவு அப்பாவும் மகனும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். ஸ்வீடனில் 1992க்கும் 1997க்கும் இடையில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் இதைக் கேட்டார்கள். 2004ல் வெளிவந்தது. பிள்ளையிடம் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். பிள்ளை கதவைத் திறந்தால் சாத்தாதீர்கள். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளை அதன்பிறகு தன் பயத்தோடு தனியாகிவிடும்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் பாருங்கள். இந்தப் பையனுக்கு ஏழு வயதில் ஒரு தங்கச்சி. தினமும் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுத்தாள். ஆசிரியைக்கும் புரியவில்லை. மடியில் உட்கார வைத்துப் பேசியபோது வெளியே வந்தது. சைக்கிளில் இருந்து அண்ணனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் முட்டி வீங்கியது. இந்த எலும்புப் புற்றுநோய் பல பிள்ளைகளிடம் ஒரு சின்ன அடிக்குப் பிறகுதான் கண்ணில் படும். அடி அதற்குக் காரணம் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இதை நான் சொன்னதோடு விடவில்லை. டாக்டரே அவளிடம் நேராகச் சொல்ல ஏற்பாடு செய்தேன். அந்த வயதில் தான் நினைத்ததால், தான் செய்ததால் நோய் வந்தது என்று நம்புவார்கள். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்: இது உன்னால் வரவில்லை, இது உனக்கு ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. "சாமி தூங்க வைச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படுவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பெண்களோடு எனக்கு நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. சாப்பிடாததால் பலவீனமாகிறான் என்று நினைக்கிறோம். கடைசிக் கட்டத்தில் உடம்பு அடங்குவதால்தான் பசி போகிறது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். கேட்டால் ஒரு வாய், கேட்காவிட்டால் ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து உதட்டில் வாசலின். கோயில் தீர்த்தமும் அப்படித்தான், விழுங்க முடியாத பிள்ளைக்குப் பஞ்சால் உதட்டில் தொட்டு வைத்தால் போதும். திருநீறு, தலைமாட்டில் வேப்பிலை, மாரியம்மன் படம், எதற்கும் நாங்கள் தடை சொன்னதில்லை. நாட்டு மருந்து கொடுத்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1982ல் திறந்த ஹெலன் ஹவுஸ்தான் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், குணமாக்க முடியாத நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லம். அதைத் தொடங்கிய கன்னிகாஸ்திரி குழந்தைகள் தாதியாகப் பயிற்சி பெற்றவர். மகளை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று அந்தப் பிள்ளையைத் தான் பார்த்துக்கொண்டதில் இருந்துதான் அது பிறந்தது. நம் தாமானில் அப்படி ஒரு வீடு கிடையாது. அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஒருவருக்காவது மருந்தும் திருப்பிப் படுக்க வைப்பதும் கற்றுக் கொடுத்துவிடுங்கள். அம்மா ஒரு மத்தியானம் தூங்கட்டும்.

அப்புறம் காகிதங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குத் தகுதி இருந்தால் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவமனைச் செலவு குறையும். படுத்த படுக்கையான பிள்ளையைப் பார்ப்பவர்களுக்குச் சமூகநல இலாகாவின் மாத உதவியும் உண்டு. நம் நாட்டில் 2019 முதல் 2030 வரைக்கான தேசிய பாலியேட்டிவ் கொள்கை இருக்கிறது. கோலாலம்பூரில் 1991ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வருகிறது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது. உங்கள் இடத்துக்கு வருவார்களா, பிள்ளைகளைப் பார்ப்பார்களா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே தாதியிடம் கேளுங்கள்.

இன்னொரு தாள் இவற்றைவிட முக்கியம். நோயின் பெயர், மருந்துகள், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, நிலைமை மோசமானால் என்ன செய்ய வேண்டும், எது வேண்டாம் என்று டாக்டரோடு பேசி எழுதி வாங்குங்கள். 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் வந்தால், எதுவும் தெரியாத ஊழியர்கள் நெஞ்சை அமுக்கத்தான் செய்வார்கள். அது அவர்கள் கடமை. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அந்தப் பையன் வீட்டில் தாள் தயாராக இருந்தது. கடைசி இரண்டு நாள் தூக்கம்தான். கைகால் குளிர்ந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது, தொண்டையில் கரகரவென்று சத்தம். இதெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பதறி ஓடவில்லை. சத்தம் கேட்பவர்களைத்தான் அதிகம் வருத்தும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். காது கடைசிவரை கேட்கலாம் என்பதால் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவன் அம்மா ஷிஃப்ட் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நடக்கும் மரணத்தை முன்பெல்லாம் பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவித்து அடக்கத்துக்கான அனுமதிக் கடிதம் வாங்குவோம். இப்போது யாரிடம் தெரிவிப்பது என்று வார்டிலேயே கேட்டு வையுங்கள். மருத்துவமனைக் கடிதம் கையில் இருந்தால் கேள்விகள் குறையும். மீதி மார்பினை வீட்டில் வைக்காமல் மருத்துவமனை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்படிப் போகும்போது வார்டுக்கும் வாருங்கள். உங்கள் பிள்ளையைத் தெரிந்த தாதிகள் அங்கே இருப்பார்கள், அவன் பேச்சு என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். தங்கச்சி தம்பி பள்ளிக்குத் திரும்பும் முன்னால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வகுப்பில் திடீரென்று எழுந்து வெளியே போனால் திட்ட வேண்டாம் என்று.